கட்டை பேட்டும் பிளாஸ்டிக் பேட்டும் – கொஞ்சம் கொசுவத்தி, கொஞ்சம் வரலாறு

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ரொம்ப அதிகம். அதனால இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே முடியல. நடுவுல ஊர்ல இருந்து சித்தப்பா பையன் போன் பண்ணினான்.

"ண்ணா, பொங்கலுக்கு டோர்னமென்ட் வெக்கிறோம். பதினாறு வயசுக்குள்ள இருக்குற பசங்களுக்கு மட்டும். டென்னிஸ் பால், எட்டு ஓவர். நீதான் கம்ப்யூட்டர்லயே கெடக்குறியே, ரூல்ஸ அழகா டைப் பண்ணிக் குடுண்ணா."

எட்டு வருஷம் பொட்டி தட்டி சம்பாதிச்ச மரியாதை இதுதான் மக்களே, டைப் பண்ணிக் குடுக்குறது :-) சரின்னு அவன் அனுப்பின லிஸ்டைப் பிரிச்சேன். நுழைவுக் கட்டணம், வயசுக்கு ஆதார் ஜெராக்ஸ், அம்பயர் தீர்ப்பே இறுதியானது, எல்லாம் வழக்கமான சமாச்சாரம். ஏழாவது ரூல்ல கை நின்னுடுச்சு. "மர பேட் மட்டுமே அனுமதிக்கப்படும்."

ஏன் நின்னுச்சுன்னு சொல்லிடறேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஊருக்குப் போயிருந்தப்போ பக்கத்துல வேற ஒரு டோர்னமென்ட். தொழிற்பேட்டைப் பக்கத்துல இருந்து ஒரு டீம் வந்திருந்தது. பதிமூணு பதினாலு வயசுப் பசங்க. அதுல பாதிப் பேரோட அப்பா அம்மா பீங்கான் பட்டறையில வேலை பாக்குறவங்க. கையில ஒரே ஒரு மஞ்சள் கலர் பிளாஸ்டிக் பேட். டாஸ் போடும்போதுதான் கமிட்டிக்காரர் பார்த்தார். "மர பேட் இல்லாம ஆட முடியாது தம்பி." எதிர் டீம்ல ஆளுக்கு ஒண்ணா ஏழெட்டு பேட் இருந்துச்சு. ஒண்ணு இரவல் கேட்டதுக்குக் குடுக்கல. கட்டின 300 ரூபாயும் திரும்பி வரல. பசங்க சைக்கிள எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. நான் அங்கதான் டீ குடிச்சுக்கிட்டு நின்னேன். வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லல. அது இன்னும் உறுத்திக்கிட்டே இருக்கு.

அதான் இந்த "மர பேட் மட்டும்"ங்கிற ரூல் எங்க இருந்து வந்துச்சுன்னு நோண்ட ஆரம்பிச்சேன். நோண்டினதுல கிடைச்சதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

பேட் பத்தி கிரிக்கெட்ல வந்த முதல் சட்டம் மரத்தைப் பத்தினதே இல்ல. 1771 செப்டம்பர்ல இங்கிலாந்துல சர்ட்ஸிக்கும் ஹாம்பிள்டனுக்கும் மேட்ச். ஒயிட்னு ஒருத்தர் ஸ்டம்ப்பை மொத்தமா மறைக்கிற அகலத்துல ஒரு பேட்டோட வந்து நின்னாராம். கதவைக் கழட்டி எடுத்துக்கிட்டு வந்த மாதிரி! பந்து எங்க போட்டாலும் பேட்லதான் படும், போல்டுங்கிற பேச்சுக்கே இடமில்ல. கடுப்பான ஹாம்பிள்டன்காரங்க, இனிமே பேட் அகலம் நாலே கால் இஞ்சுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு எழுதி கையெழுத்துப் போட்டாங்க. 1774ல அது சட்டத்துலயே ஏறிடுச்சு. இன்னிக்கும் அதே நாலே கால் இஞ்சுதான், மில்லிமீட்டர்ல 108. அந்தக் கிளப்புல அளவு பார்க்க இரும்புல ஒரு சட்டம் செஞ்சு வெச்சிருந்தாங்க. பேட் அதுக்குள்ள நுழைஞ்சா ஆடலாம், நுழையலன்னா கிளம்பலாம்.

இந்த இரும்புச் சட்டத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னாடி வேலை இருக்கு.

அதுக்கப்புறம் 200 வருஷத்துக்கு மேல, பேட்டை எதுல செய்யணும்னு சட்டத்துல ஒரு வார்த்தை கிடையாது. எல்லாரும் வில்லோ மரத்துலதான் செஞ்சாங்க, அதனால எழுத வேண்டிய அவசியமே வரல. அந்த ஓட்டையைப் பார்த்தவர் டென்னிஸ் லில்லி. நண்பரோட சேர்ந்து அலுமினிய பேட் வியாபாரம் ஆரம்பிச்சிருந்தார். ஸ்கூல், கிளப்புக்கெல்லாம் விலை குறைவா, உடையாத பேட் குடுக்கலாம்ங்கிறது ஐடியா. 1979 டிசம்பர்ல பிரிஸ்பேன்ல வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரா அதை எடுத்துக்கிட்டுப் போனார், யாரும் கண்டுக்கல. சில நாள் கழிச்சு, டிசம்பர் 15, பெர்த்ல இங்கிலாந்தோட டெஸ்ட். போத்தம் பந்தை நேரா அடிச்சார், மூணு ரன். "டங்"னு சத்தம். இங்கிலாந்து கேப்டன் பிரேர்லி, பந்து கெட்டுப் போகுதுன்னு அம்பயர்கிட்ட புகார் சொன்னார். ஆஸ்திரேலியா கேப்டன் கிரெக் சாப்பலுக்கோ வேற கவலை, மர பேட்டா இருந்தா அது நாலு போயிருக்கும்னு! ரோட்னி ஹாக் கையில மர பேட்டைக் குடுத்து அனுப்பினார். லில்லி மாட்டேன்னார். பத்து நிமிஷம் ஆட்டம் நின்னுச்சு. கடைசியில சாப்பலே உள்ள வந்துட்டார். லில்லி அலுமினிய பேட்டைத் தூக்கி மைதானத்துலயே வீசி எறிஞ்சார்.

(அதே மேட்ச்சோட ரெண்டாவது இன்னிங்ஸ்லதான் அந்தப் புகழ்பெற்ற ஸ்கோர்கார்டு வரி வருது. லில்லி, கேட்ச் வில்லி, பவுல்டு டில்லி. சத்தியமா நான் இட்டுக்கட்டல.)

அந்த பேட்ல பிரேர்லி கையெழுத்து வேற போட்டுக் குடுத்தார், விற்பனைக்கு வாழ்த்து சொல்லி. குசும்பு. அடுத்த வருஷம், 1980 சட்டத் திருத்தத்துல, பேட்டோட தட்டைப் பகுதி மரத்துலதான் இருக்கணும்னு எழுதிட்டாங்க. நம்ம பொங்கல் டோர்னமென்ட் ஏழாவது ரூலோட தாத்தா இவர்தான்.

நான் கவனிச்ச விஷயம் ஒண்ணு. அலுமினிய பேட்டைத் தடை பண்ணினது அது பந்தை ரொம்ப தூரம் அடிக்குதுங்கிறதுக்காக இல்ல. சாப்பல் நினைப்புல அது அடிச்சது கம்மி! பந்து கெடுது, சத்தம் சரியில்ல, இது நம்ம ஆட்டம் மாதிரி இல்ல, அவ்வளவுதான்.

இதே சமயத்துல இன்னொரு ஆட்டத்துல இதே சண்டை நேர் எதிர்த் திசையில போய்க்கிட்டிருந்தது. பேஸ்பால். நம்மூர்ல ஸ்கூல் கேம்ஸ்ல ஆடுறதோட சரி. ஆனா பசங்க எந்த பேட்ல ஆடணும்ங்கிற கேள்வியை அவங்க அளவுக்கு யாரும் அடிச்சுத் துவைச்சதில்ல.

அமெரிக்காவுல 1970 வாக்குல அலுமினிய பேட் வந்துச்சு. சின்னப் பசங்க ஆடுற லிட்டில் லீக் உடனே ஏத்துக்கிச்சு, 1974ல காலேஜ் லெவலும் ஏத்துக்கிச்சு. அதே 1974ல ஜப்பான்ல ஹைஸ்கூல் பேஸ்பாலும் (கோஷியென்னு சொல்ற அந்தப் பெரிய டோர்னமென்ட், நாடே டிவி முன்னாடி உக்காந்திருக்கும்) உலோக பேட்டுக்கு வழி விட்டுச்சு. காரணம் ரெண்டு ஊர்லயும் ஒண்ணுதான், காசு. மர பேட் ஒல்லி, ஒரு சீசன்ல எத்தனையோ உடையும். ஏழை ஸ்கூலுக்கு அது கட்டுப்படியாகாது. ஒரு அலுமினிய பேட் வாங்கினா டீமே வருஷக்கணக்கா ஆடலாம். காசு வாங்கிட்டு ஆடுற மேஜர் லீக் மட்டும் கடைசி வரைக்கும் மரத்தை விடல.

இதுவரைக்கும் நல்ல கதை. ஆனா உள்ள கூடா இருக்குற உலோக பேட்ல ஒரு விஷயம் இருக்கு. பந்து படும்போது சுவர் லேசா உள்ள அமுங்கி, திரும்ப எகிறி பந்தைத் தள்ளும். கயித்துக் கட்டில்ல குழந்தை குதிக்கிற மாதிரி. மரம் அப்படி அமுங்காது, பந்துதான் நசுங்கும், அதுலயே நிறைய சக்தி போயிடும். கம்பெனிக்காரங்க சும்மா இருப்பாங்களா? சுவரை மெலிசாக்கி, எடையைக் குறைச்சு, வருஷா வருஷம் "புது வெர்ஷன்" விட்டாங்க. விலையும் ஏறிடுச்சு. ஏழைப் பசங்களுக்காக வந்த பேட் மர பேட்டை விட பல மடங்கு விலை! 1998ல அமெரிக்க காலேஜ் ஃபைனல் ஸ்கோர் 21-14. ஃபுட்பால் ஸ்கோர் மாதிரி இருக்குன்னு ஊரே சிரிச்சுது.

சிரிக்க முடியாத பகுதியும் இருக்கு. 2003ல மொன்டானாவுல ஒரு பதினெட்டு வயசுப் பையன் பந்து போட்டான். அலுமினிய பேட்ல இருந்து திரும்பி வந்த பந்து தலையில பட்டு இறந்துட்டான். பெத்தவங்க கேஸ் போட்டு, 2009ல பேட் கம்பெனி ஆபத்தைப் பத்தி எச்சரிக்கலன்னு ஜூரி 850,000 டாலர் நஷ்ட ஈடு குடுக்கச் சொன்னாங்க. 2007ல நியூயார்க் நகர சபை ஹைஸ்கூல் ஆட்டத்துல உலோக பேட்டைத் தடை செஞ்சுது, மேயர் ப்ளூம்பெர்க் வீட்டோ பண்ணியும் கேக்கல. வடக்கு டகோட்டா மாநில ஹைஸ்கூல்களும் அதே வருஷம் மரத்துக்குத் திரும்பிடுச்சு.

மத்தவங்க வேற வழியில போனாங்க. எதுல செஞ்சா என்ன, பந்து எவ்வளவு வேகமா திரும்புதுன்னு லேப்ல அளந்து பார்த்துடலாம்னாங்க. 2011ல காலேஜுக்கும், 2012ல ஹைஸ்கூலுக்கும் பிபிகார்னு ஒரு அளவுகோல் வந்துச்சு. உலோக பேட் ஏறக்குறைய மர பேட் அளவுக்குத்தான் பந்தைத் தள்ளலாம், அதுக்கு மேல தள்ளினா ஸ்டாம்ப் கிடையாது. 2018ல சின்னப் பசங்க பேட்டுக்கும் இதே மாதிரி ஒண்ணு. ஜப்பான் 2024ல ஹைஸ்கூல் பேட்டோட அதிகபட்ச விட்டத்தை 67 மி.மீ.ல இருந்து 64ஆக் குறைச்சு, சுவரைத் தடிமனாக்கச் சொல்லுச்சு. அதுக்கும் முக்கியக் காரணம் பந்து போடுற பையனோட பாதுகாப்புதான்.

எங்க ஊர்க்காரனுக்கு இது புதுசா? விருத்தாசலம்னாலே பீங்கான் தானே. எங்க தெருவுல பாதி வீட்ல ஏதோ ஒரு பட்டறைத் தொடர்பு இருக்கும். பழைய வீடுகள்ல மீட்டருக்குப் பக்கத்துல வெள்ளையா ஒரு பீங்கான் ஃப்யூஸ் கட்டை இருக்குமே, அது எங்க ஊர்ச் சரக்கா இருக்க வாய்ப்பு உண்டு. அதை வாங்குறவன் நெய்வேலிக் களிமண்ணா வேற மண்ணான்னு கேக்க மாட்டான். இத்தனை வோல்ட் தாங்குதா, தாங்கலையா, அதான் கேள்வி. மாமா ஒரு பட்டறையில 30 வருஷமா இருக்கார். அவர்கிட்ட "மண்ணு நல்ல மண்ணு சார், ஆனா வோல்ட்டேஜ் தாங்காது"ன்னு சொல்லிப் பாருங்க, அடிக்க வருவார்.

ஆனா மரத்துக்காகவும் ஒரு வார்த்தை பேசணும், இல்லன்னா போங்கு ஆட்டமாயிடும். நார்த் டகோட்டாவோ, 1985லயே மரத்துக்குத் திரும்பின கேப் காட் லீகோ, மரத்தைத் தேர்ந்தெடுத்ததுல ஒரு சௌகரியம் இருக்கு. மரத்துக்கு லேப் வேண்டாம். பேஸ்பால் பேட்டுக்கு விட்ட அளவும் உண்டு, மரத்தை அதுக்கு மேல ஏமாத்த வழி கம்மி. கூட்டுப்பொருள் பேட்டை உருளைக்குள்ள விட்டு நசுக்கி, இன்னும் எகிற வெக்கிற தில்லாலங்கடி எல்லாம் அமெரிக்காவுல நடந்துச்சு. அந்தத் தொல்லை மரத்துல கிடையாது. கிராமத்து டோர்னமென்ட் நடத்துற ஆளுக்கு இது பெரிய விஷயம்.

இந்த சௌகரியம் கிரிக்கெட்ல பலிக்கலங்கிறதுதான் வேடிக்கை. 1980 சட்டம் மரம்னு சொல்லிச்சு, எவ்வளவு தடிமன்னு சொல்லல. விளைவு? வில்லோவைக் காய வெச்சு, பக்குவமா அமுக்கி, எடை ஏறாம பெருத்துக்கிட்டே போச்சு. ரிக்கி பாண்டிங் பேட் முதுகுல ஒட்டியிருந்த கார்பன் பட்டையைத் தப்புன்னு சொல்லி 2006ல எடுக்க வெச்சாங்க. ஆனா 2010 ஐபிஎல்ல நம்ம சென்னைக்காக மேத்யூ ஹேடன் மங்கூஸ் பேட்டைத் தூக்கிக்கிட்டு வந்து, டெல்லி கூட 43 பந்துல 93 அடிச்சாரே, அது சட்டப்படி சுத்தம். கைப்பிடி நீளம், தட்டை குட்டை, ஆனா மரம்! கடைசியில 2017ல தான் விழிச்சுக்கிட்டு, ஓரம் 40 மி.மீ., மொத்த தடிமன் 67 மி.மீ.க்கு மேல கூடாதுன்னு எழுதினாங்க. அளக்குறதுக்கு ஒரு கேஜும் குடுத்தாங்க. ஹாம்பிள்டன் இரும்புச் சட்டம் 246 வருஷம் கழிச்சு திரும்பி வந்துடுச்சு.

நடுவுல மரத்தோட விலை எங்கயோ போயிடுச்சு. இங்கிலீஷ் வில்லோவுல நல்ல பேட் இன்னிக்குப் பல பத்தாயிரம். காஷ்மீர் வில்லோ அதை விட மலிவு, ஆனா அங்கயும் விவசாயிங்க சீக்கிரம் வளர்ற பாப்லருக்கு மாறிட்டாங்க, மரம் குறைஞ்சுக்கிட்டே வருது. 2021ல கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் மூங்கில்ல பேட் செஞ்சு, வில்லோவை விட உறுதியா இருக்கு, நல்லா அடிக்குது, ஏழை நாட்டுப் பசங்களுக்கு உதவும்னாங்க. எம்சிசி என்ன சொல்லுச்சு தெரியுமா? மூங்கில் புல் வகை, மரம் இல்ல, செல்லாது. தாவரவியல்படி சரிதான் சாமி. ஜப்பான் பசங்க பல வருஷமா மூங்கில் பேட்லயும் பிராக்டிஸ் பண்றாங்க. அதே எம்சிசி 2017 சட்டத்துல, சின்னப் பசங்க பேட்டை மட்டும் துண்டு மரங்களை ஒட்டிச் செய்யலாம்னு விட்டுக் குடுத்திருக்கு. பசங்களுக்குத் தனி ரூல் வேணும்னு அவங்களுக்கே தோணியிருக்கு பாருங்க.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். நாமெல்லாம் எதுல ஆரம்பிச்சோம்? தென்னை மட்டையைச் செதுக்கி, அடியில கைப்பிடிக்கு சைக்கிள் டியூப் சுத்தி. அது எந்த சட்டத்துல வரும்? சேலத்துப் பக்கம் சின்னப்பம்பட்டியில இருந்து போன நடராஜன் இருபது வயசு வரைக்கும் டென்னிஸ் பால்லதான் ஆடினார். 2020-21ல ஆஸ்திரேலியாவுல மூணு வகை ஆட்டத்துலயும் இந்தியாவுக்காக இறங்கினார். அவர் சின்ன வயசுல போட்ட பந்தை அடிச்ச பேட் எல்லாம் வில்லோவா இருந்திருக்கும்னா நினைக்கிறீங்க?

டென்னிஸ் பால் டோர்னமென்ட்ல இப்போ யாருக்கு அநியாயமா பலம் சேருதுன்னு பார்த்தா, அது மஞ்சள் பிளாஸ்டிக் பேட் வெச்சிருக்குற பையனுக்கு இல்ல. அதுல அடிச்சா பந்து பெருசா போகாது, நானே அடிச்சுப் பார்த்திருக்கேன். பலம் எல்லாம் "ஹார்டு டென்னிஸ்" பேட்னு விக்கிறாங்களே, முதுகைக் குடைஞ்சு எடை குறைச்சு, ஓரம் 50 மி.மீ. கிட்ட வெச்சு, அதுலதான் இருக்கு. அது மரம். ஏழாவது ரூல்படி அது உள்ள வரலாம், பிளாஸ்டிக் வெளிய போகணும். அகல பேட்டை உள்ள விட்டுட்டு ஹாம்பிள்டன்காரங்களை வெளிய அனுப்பின மாதிரி இருக்கு.

சித்தப்பா பையனுக்கு போன் போட்டேன். முக்கால் மணி நேரம் பேசினேன். (மேல இருக்குற மொத்தத்தையும் சொன்னேன், பாவம்.)

"ண்ணா, உனக்கு சொல்லிட்டுப் போயிடுவ. பிளாஸ்டிக் பேட்ல ஆடுனா டோர்னமென்ட் மாதிரியே இருக்காதுன்னு பெரிய பசங்க சொல்றாங்க."

"டேய், 1979லயும் அதான்டா சொன்னாங்க."

"யாரு?"

"விடு. ஓரம் 40க்கு மேல இருந்தா செல்லாதுன்னு போடு. எதுல செஞ்சிருந்தாலும் சரி. அப்புறம் கமிட்டி சார்புல ரெண்டு காஷ்மீர் வில்லோ வாங்கி வெச்சுடு, எந்த டீம் கேட்டாலும் குடுக்கணும். காசு நான் அனுப்புறேன்."

கமிட்டியில ஒத்துக்கிட்டாங்க, ஒரு நிபந்தனையோட. பேட்டை அளக்க கருவி நான்தான் ஏற்பாடு பண்ணணுமாம். பிளைவுட்ல அறுத்தா முடிஞ்சிருக்கும். நமக்குத்தான் புத்தி போகாதே! செராமிக் ஊர் டோர்னமென்ட், பீங்கான்லயே ஒரு கேஜ் இருந்தா எப்படி இருக்கும்னு தோணிச்சு. படம் வரைஞ்சு மாமாவுக்கு வாட்ஸ்அப் பண்ணினேன். அகலம் 108, தடிமன் 67, ஓரம் 40. மாமா உடனே கூப்பிட்டார்.

"மாப்ள, இந்த அளவு சுடறதுக்கு முன்னாடியா, சுட்ட பிறகா?"

நான் அப்போ ஒரு மீட்டிங்ல இருந்தேன். "அதே அளவுதான் மாமா, மாத்திடாதீங்க"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன். பீங்கான் காயும்போதும் சூளையில வேகும்போதும் நூத்துக்குப் பத்து பங்கு சுருங்கும்னு எங்க ஊர்ல சின்னக் குழந்தைக்கும் தெரியும். இன்ஜினியரிங் படிச்ச எனக்கு அந்த நேரத்துல தெரியல.

போன ஞாயிறு வந்து சேர்ந்துச்சு. பளபளன்னு, வெள்ளை வெளேர்னு, அகலம் 97 மி.மீ.ல. தம்பி ஊர்ல கிடைச்ச பேட்டை எல்லாம் உள்ள விட்டுப் பார்த்திருக்கான். ஒண்ணும் நுழையல. அந்த மஞ்சள் பிளாஸ்டிக்கும் நுழையல.

அச்சை 120க்கு மாத்தி திரும்ப ஊத்தியிருக்கார் மாமா. வியாழக்கிழமை சூளை திறக்குறாங்க.